டீம் லீடரின் பிள்ளையார் சுழி

தன் கம்ப்யூட்டரில் ஓடுகிற நிரல் உலகத்தில் எங்கேயும் ஓடியே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? இல்லையென்றால் அருப்புக்கோட்டைக்கு வாருங்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மாடியில், ஏழு பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில், மானிட்டருக்கு விபூதிப் பட்டை போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார் டீம் லீடர் நாகராஜ்.

புது நிரலை சர்வரில் ஏற்றும் நாளில் அவர் ராகுகாலம் பார்ப்பார், சர்வர் பெட்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றுவார், பிறகு நிரலின் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் கட்டளைக் கோப்பைத் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் திறந்து, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு வரியில் ஒரு ‘உ’ போட்டு, சேமித்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவார். சர்வர் படுத்துவிடும். காரணம் தேடுவாரா? தேடுவார். கோப்பில் அல்ல, ஆளில்.

இந்த முறை ஆள் தங்கமாரி. காட்டு வேலைக்குப் போகிறவர்களின் மகள். பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். அவளுடைய ஆறு மாதப் பயிற்சி வெள்ளிக்கிழமை முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் நாகராஜின் கையெழுத்துக்காக அவர் மேசையில் கிடக்கிறது. கோப்பை எழுதியவள் அவள்தான் என்று முதலாளியிடம் சொன்னவர், சிலருக்குக் கைராசி கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னார். எந்தச் சிலருக்கு? அதைக் கேட்கும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை.

“எம் மெஷின்ல ஓடுதுல்லம்மா?” என்றார் நாகராஜ்.

“ஓடத்தாண்ணே செய்யும். நீங்க ‘உ’ போட்டுச் சேமிக்கையில ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒண்ண ஒங்க விண்டோஸு சேத்துருது. சர்வரு ஓடுறது லினக்ஸுல, அதுக்கு அந்த எழுத்து பழக்கமில்ல. கட்டளையோட அதையும் சேத்துப் படிச்சுட்டு, இப்படி ஒரு கட்டளையே இல்லங்குது.”

அந்த எழுத்தை வரிக்கு வரி நீக்கும்படி ஒரே கட்டளை கொடுத்து, கோப்பை மறுபடி அனுப்பினாள். நடு ராகுகாலத்தில் ஓடியது. கோப்பில் கடைசியாகக் கைவைத்தவர் பெயரையும் திரையில் காட்டினாள். நாகராஜ் என்று இருந்தது.

“பாத்தியா, எலுமிச்சம்பழம் லேட்டா வேல செஞ்சிருக்கு” என்றார் அவர்.

கடிதம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்துப் போடுவாராம். நாளை வெள்ளிக்கிழமை.

சிரிக்கிறீர்களா? கடைசியாக நீங்கள் கெடுத்த வேலைக்கு யாருடைய கையைக் குற்றம் சொன்னீர்கள்? உங்கள் மேசையிலும் அப்படியொரு கடிதம் கிடக்கலாம். முதலில் அதில் கையெழுத்துப் போடுங்கள். சுழியை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.