துவாலு வரை எட்டாத வணக்கம்

வாசகரே, நீங்கள் எழுந்து நிற்க வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே சாட்சி சொன்னால் போதும். ஒரு நாடு மூழ்குவதற்குக் கடல் பொங்க வேண்டும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது தேவையில்லை, பயிற்சி பெற்ற ஒரு மேடைப் பேச்சாளன் போதும் என்பதை நான் செய்து காட்டியிருக்கிறேன்.

இராஜபாளையத்தில் நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எந்த விழாவிலும் ஒலிபெருக்கி என்னைத் தேடி வரும் என்று உறுதியாக நம்பிய காலம் அது. (நான்தான் அதைத் தேடிப் போனேன் என்பது வீட்டார் கருத்து.) அந்நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஒன்றில் மாதிரி உலக மன்றம் கூடியது. ஒவ்வோர் அணியும் ஒரு நாடாக மாறி வாதாட வேண்டும். அணிக்கு இருவர். ஒருவர் மூன்று நிமிடம் பேசித் தம் நாட்டின் தீர்மானத்தை முன்வைக்க, மற்றவர் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது துவாலு, பசிபிக் பெருங்கடலில் கிடக்கும் பொடிப்பொடித் தீவுகளாலான நாடு.

என்னோடு இணைந்தவள் சேத்தூர் எஸ்தர். அவள் அப்பா இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைக் காவல்துறையில் எஸ்.ஐ. ஆக்குவது அவர் திட்டம். எஸ்தருக்கோ பேச்சில்தான் உயிர். முதல் பரிசு வாங்கிச் சென்னைப் போட்டிக்குப் போனால் பேச்சைத் தொடரலாம், இல்லாவிட்டால் திங்கட்கிழமையே எஸ்.ஐ. கோச்சிங் வகுப்பு என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே அவள் துவாலுவை இண்டு இடுக்கு விடாமல் படித்தாள். நீ என்ன தயாரித்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டாள். "குரல்," என்றேன்.

என் பேச்சு முறையில் அவை வணக்கம்தான் அடித்தளம். ஒருமுறை பந்தல் போட்டவர் பெயரை நான் விட்டுவிட, பேச்சு முடியுமுன்பே அவர் ஒரு பக்கத்துத் தட்டியைப் பிரிக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து எவரையும் விடுவதில்லை என்பது என் கொள்கை.

அன்றும் விடவில்லை. தலைமை தாங்கிய பேராசிரியை அம்மையாரை வணங்கினேன். நடுவர்களைத் தனித்தனியே வணங்கினேன். வந்திருந்த நாடுகளை, நாட்டுக்கு ஓர் அடைமொழி வீதம் வணங்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை வணங்கினேன். இராஜபாளையத்து நூற்பாலைகளையும் எதற்கும் இருக்கட்டுமென்று வணங்கினேன். எச்சரிக்கை மணி அடித்தது. தேநீர் வந்துவிட்டது போலும் என்றெண்ணி, தேநீர் கொண்டுவந்தவருக்கும் வணக்கம் சொன்னேன். "ஏலே, விஷயத்துக்கு வா," என்று எஸ்தர் பல்லைக் கடிப்பது கேட்டது. உடனே நெஞ்சை நிமிர்த்தி, "இத்தகைய பேரவையிலே, துவாலு என்னும்..." என்று குரலை உயர்த்தினேன்.

இறுதி மணி அடித்தது.

"துவாலுப் பிரதிநிதி உக்காரலாம்," என்றார் தலைவர்.

"அம்மா, நான் இன்னும் தொடங்கவே இல்லை."

"அது எங்களுக்கும் தெரியுது."

அரங்கம் சிரித்த சிரிப்பில் கோபுரத்துப் புறாக்கள் பறந்திருக்கும். கிருஷ்ணன்கோவிலிலிருந்து வந்த அணி அதோடு விடவில்லை. அந்த நாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது, ஒரு தாலுகா அளவுகூட இல்லாததற்குத் தனி ஓட்டு எதற்கு என்று கேட்டது. பின்வரிசையில் எஸ்தரின் அப்பா தலைக்கவசத்தை மடியில் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எஸ்தர் எழுந்தாள். எவருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"எங்க நாட்டுல மலை கிடையாது. நீங்க இராஜபாளையத்துச் சஞ்சீவி மலையில ஏற ஆரம்பிச்சு மூச்சு வாங்கறதுக்குள்ள எங்க நாட்டோட உயரம் முடிஞ்சிரும். ஆறும் கிடையாது, கூரையில விழுற மழையத்தான் பிடிச்சுக் குடிக்கோம். கடல் ஏறினா ஓடி ஒதுங்க எங்களுக்கு மேடு இல்ல. அதுக்குத்தான் இந்த ஓட்டு."

பிறகு அவள் நிதானமாக விளக்கினாள். நாடாளுமன்றத்துக்கு மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அங்கே கட்சிகளே இல்லை. (கட்சி இல்லாமல் தேர்தலா என்று எங்கள் மாவட்டத்து அரங்கம் திகைத்துப் போனது.) இங்கிலாந்து அரசரே அவர்களுக்கும் அரசர். தங்கள் கடலில் சூரை மீன் பிடிக்க வரும் அயல்நாட்டுக் கப்பல்களிடம் வாங்கும் உரிமக் கட்டணம் பெரிய வருமானம். இணைய முகவரியில் தங்கள் நாட்டுக்குக் கிடைத்த 'டிவி' என்ற ஈற்றெழுத்துகளை உலகத்துக்கு வாடகைக்கு விட்டும் சம்பாதிக்கிறார்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். விமானம் வராத நேரத்தில் ஓடுதளத்திலேயே பந்து விளையாடுகிறார்கள்.

கை தூக்கச் சொன்னபோது, கடல் விழுங்கும் நாடுகளைக் காக்க வேண்டும் என்று எஸ்தர் எழுதிக் கொடுத்திருந்த துவாலுவின் தீர்மானம் நிறைவேறியது. கிருஷ்ணன்கோவில்காரர்களே கை தூக்கினார்கள். ஆனால் பரிசு இருவர் மதிப்பெண்ணையும் கூட்டித்தான். என் பங்கு நாட்டின் பெயர் மட்டும் என்பதால் எங்களுக்கு இரண்டாமிடம். சென்னை போயிற்று.

வண்டி நிறுத்துமிடத்தில் எஸ்தரின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே தம்பி, வணக்கம் நல்லா இருந்துச்சு. பேச்சு என்னைக்கு?"

அவர் மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, தூரதேசத்துல வேலை பாத்து வீட்டுக்குப் பணம் அனுப்புற பிள்ளைகன்னு சொன்னியே. நானும் அப்படி அனுப்புனவன்தான். அம்புட்டுப் பேர் முன்னாடி அதைச் சொல்ல ஒரு ஆளு வேணும்லா." வண்டியை உதைத்துக் கிளப்பினார். "கோச்சிங் எங்கயும் ஓடிப் போகாது. அடுத்த வருஷமும் பேசு. இவன மட்டும் முதல்ல பேச விடாத."

இந்தச் செய்தி எனக்கு முன்பே எங்கள் வீட்டை அடைந்துவிட்டது. இன்றும் நான் ஒரு செய்தியைச் சுற்றி வளைத்தால், "துவாலுவுக்கு வாடா," என்கிறாள் அம்மா. தொலைபேசியில் நலம் விசாரித்தே பொழுதைக் கழிக்கும் சித்தப்பாவுக்கும் அதே கட்டளைதான்.

அன்று நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான். புறப்பட்டுவிட்ட அந்த வண்டிக்குப் பின்னால் ஓடி, நிறுத்துமிடமே திரும்பிப் பார்க்க, எனக்கிருந்த ஒரே தயாரிப்பான குரலை முழுதாகத் திறந்தேன்: "ஐயா, அடுத்த வருஷம் எஸ்தர்தான் முதலில் பேசுவாள். அவள் முடித்த பிறகே நான் எழுவேன். ஒரு வணக்கத்துக்கு மேல் சொன்னால், மணியை நீங்களே அடியுங்கள்!"