ஒரு மூச்சுக்கு ஒரு ஸ்வரம்

மட்டாஞ்சேரி
10-8-1981

சிரஞ்சீவி அனந்தநாராயணனுக்கு அம்மாமா சிவசங்கரனின் ஆசீர்வாதம். உன் அம்மாமி கமலாக்ஷி சௌக்கியம். மெட்ராஸில் நீயும் சௌக்கியமாக இருக்கவேண்டும், ஏனென்றால் நான் கேட்பதற்கெல்லாம் நீ பதில் சொல்லியாக வேண்டும்.

ஜெர்மனியில் படித்துவிட்டு வந்து இரண்டு வயலினுக்கென்று நீ எழுதியனுப்பிய நவீன சங்கீதத்தை நேற்று சபாவில் நானும் வாஞ்சிநாதனும் மனப்பாடமாக வாசித்தோம். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேடையில் உட்காருகிறவர்கள் நாங்கள். தாளம் கிடையாது, ஒரு ஸ்வரத்துக்கு வாசிப்பவரின் ஒரு மூச்சு, அதுதான் காலக்கணக்கு என்று எழுதியிருந்தாய். யாருடைய மூச்சு என்று யோசித்தாயா? எனக்கு ஆஸ்துமா. வாஞ்சி தினம் அரைமணி பிராணாயாமம் பண்ணுகிறவன். எட்டு நிமிஷத்தில் நாலு பக்கத்தையும் முடித்து வில்லை இறக்கினேன், ஜனங்கள் கை தட்டினார்கள், திரும்பிப் பார்த்தா அவன் கண்ணை மூடிண்டு ரெண்டாம் பக்கத்தில இருக்கான். கைதட்டல் பாதியில நின்னுது. நான் ஸ்ருதி சேர்க்கற மாதிரி பிருடையைத் திருகிண்டு உட்கார்ந்தேன், எத்தனை நாழி திருகறது? முன்வரிசையிலேர்ந்து அம்மாமி, வாசிங்கோன்னு கையைக் காட்டறா. பின்னாலேர்ந்து ஒரு சேட்டன், "சுவாமி மறந்நு போயி"ன்னான். சபா சிரிச்சுது. ரோஷம் வந்து முதல்லேர்ந்து மறுபடி ஆரம்பிச்சேன். மூச்சை அடக்கி அடக்கி வாசிச்சதில மூணாம் பக்கத்தில கண் இருட்டித்து, இருமல் பிடிச்சுண்டுது, அம்மாமி மேடையேறித் தண்ணி கொடுத்தா. எர்ணாகுளம் போற படகுக்கு நேரமாச்சுன்னு பாதிப் பேர் எழுந்து போனா. வாஞ்சி அப்பவும் கண் திறக்கலை.

முடிஞ்சதும் கேட்டேன், "ஏண்டா, எனக்காக மூச்சைக் கொஞ்சம் குறைச்சுண்டா செத்தா போயிடுவே?"

"மூச்சைப் பொய்யா எப்படிடா விடறது? நீயும் சரியாத்தான் வாசிச்சே, நானும் சரியாத்தான் வாசிச்சேன்" என்றான்.

இரண்டு பேரும் சரியென்றால் தப்பு உன்னுடையது. இனி அவனோடு மேடையில் உட்காரமாட்டேன் என்று அவனிடமே சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அதற்கும் நீதான் காரணம்.

பகவான் உனக்குத் தீர்க்காயுசும் கொஞ்சம் தாளமும் கொடுக்கட்டும். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு, கடிதத்தைக் காட்டாதே.

அம்மாமா,
சிவசங்கரன்

பி.கு: உறையை ஒட்டுமுன் வாஞ்சி வந்தான், கூடவே எர்ணாகுளம் காலேஜ் ஒன்றில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் விசாலாக்ஷி என்கிற அம்மாள். ஒரு வயலின் ஓய்ந்து, காத்திருந்து, முதலிலிருந்து மறுபடி புறப்பட்டு வருகிற இடத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டதாம். அடுத்த மாதம் அங்கே வாசிக்கவேண்டுமாம். அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று வாஞ்சி கூசாமல் சொல்லிவிட்டான். ஆகையால் அந்த இடத்தை உடனே உன் நாலு பக்கத்தில் சேர்த்து எழுதியனுப்பு. எத்தனை நாழி காத்திருக்கணும்னு மட்டும் எழுதாதே. அதை நான் பார்த்துக்கறேன்.