அலுமாரிக்குக் கீழே இரண்டு கட்டை

“பஸ்ரியன் அண்ணை, உங்களைப் பற்றி ஒருத்தர் விசாரிச்சுக்கொண்டு திரியிறார்” என்று கிரேன்காரர் வஸீர் மேலேயிருந்து குனிந்து சொன்னார். பஸ்ரியன் இருபத்து மூன்றாவது ஜீப்பின் மேல் சோக்கால் இருபத்து நாலு என்று எழுதிவிட்டார்.

ஒரு மாதமாகத் தலைமன்னார் இறங்குதுறையில் இந்தியப் பட்டாளத்து வண்டிகள்தான். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஜீப்புக்கும் ட்ரக்குக்கும் இலக்கம் போட்டுக் கொப்பியில் பதிவது பஸ்ரியனின் வேலை. பதினெட்டு வருடத்தில் ஒரு பிழையும் விட்டதில்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்வார். வீட்டில் யாரும் அதைக் கேட்பதில்லை.

“ஆராம் அது?”

“தெரியேல்லை. வெள்ளைச் சேட்டு, கறுப்புக் குடை. நீங்கள் குடிக்கிறனீங்களோ, வீட்டுக்கு ஆர் ஆர் வந்து போகினம் எண்டெல்லாம் கேட்டவர். எல்லாத்தையும் ஒரு கடதாசித் துண்டில எழுதினவர்.”

“நீ என்ன சொன்னனீ?”

“நல்ல மனிசன் எண்டுதான் சொன்னன். அவர் நம்பின மாதிரித் தெரியேல்லை.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். கப்பல் ஆடும்போது வண்டிகள் உருண்டுவிடாதபடி சில்லுகளுக்கு மரக்கட்டை செருகியிருப்பார்கள். வண்டி இறங்கியதும் கட்டைகளைப் பொறுக்கித் திரும்பக் கப்பலில் ஏற்றவேண்டும். அதில் இரண்டு, வழி தவறிப் பஸ்ரியனின் சைக்கிளில் ஏறிவிட்டன. கறையான் தின்ற அலுமாரிக் கால்களுக்கு முட்டுக்கொடுக்க அதைப்போல ஒரு சாமான் மன்னார்த் தீவிலேயே கிடையாது.

வந்தவன் சி.ஐ.டி.தான், சந்தேகமில்லை. வேலை போனால் போகட்டும். மகள் அன்ரோனெற்றின் கலியாணம்? மூன்று சம்பந்தம் முறிந்து, தரகர் தோமஸ் இப்போதுதான் நாலாவதைக் கொண்டுவந்து வாய் திறந்திருக்கிறார். கட்டைக் கள்ளனின் மகளை எவன் கட்டுவான்? பஸ்ரியனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்குப் போனதும் மனைவி றஞ்சிதத்தைப் பிடித்துக்கொண்டார்.

“இண்டைக்கு ஆரும் வந்தவையோ?”

“ஒருத்தர் தண்ணி கேட்டு வந்தவர். குடையோட.”

“உள்ளுக்க வந்தவரோ?”

“விறாந்தையிலதான் நிண்டவர். அன்ரோனெற் அலுமாரியடியில நிண்டு துணி மடிச்சவள். அவர் தண்ணியைக் குடிக்காம அலுமாரிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிண்டவர்.”

பஸ்ரியன் கதிரையில் பொத்தென்று விழுந்தார். பிறகு எழும்பிப் போய் இரண்டு கட்டையையும் உருவினார். அலுமாரி பின்னால் சாய்ந்து சுவரில் தலை வைத்துக்கொண்டது. மேலே நின்ற அந்தோனியார் சுருவம் நேரே றஞ்சிதத்தின் கையில் வந்து விழுந்தது.

“உங்களுக்கென்ன பேய் பிடிச்சிட்டுதோ?”

“கட்டை இருந்த இடத்துக்கே போகவேணும். நீ வாயை மூடு.”

அடுத்த நாள் காலை, கட்டைகளை உரப்பையில் போட்டுக் கட்டிச் சைக்கிளில் கொண்டுபோனார். வாசலில் நின்ற சிப்பாய் பையைக் காட்டி ஹிந்தியில் என்னவோ கேட்டான். பஸ்ரியனுக்கு ஹிந்தி தெரியாது. “நோ, நோ, நத்திங்” என்று பையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அணைத்ததுதான் பிழை. விசில் பறந்தது. பையைக் கீழே வைக்கச் சொல்லித் துவக்கை நீட்டினார்கள். இரண்டு நிமிடத்தில் துறையில் ஈ காக்கை இல்லை. வஸீரும் கிரேனிலிருந்து குதித்து ஓடிவிட்டார். இறக்கிக்கொண்டிருந்த ஜீப் ஒன்று பாதி வழியில் அந்தரத்தில் தொங்கியது. ஒரு சிப்பாய் மணல்மூட்டைக்குப் பின்னால் படுத்தபடி நீளத் தடியால் பையைக் குத்த, இரண்டு கட்டைகள் உருண்டு வெளியே வந்தன.

சுபேதார் தமிழ்நாட்டுக்காரர். கட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னய்யா இது, எங்க கப்பல் கட்டையால்ல இருக்கு? உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

கூட்டம் திரும்பிச் சேர்ந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் ஒரு கறுப்புக் குடை. பஸ்ரியனின் நாக்கு அவரைக் கேட்காமலே வேலை செய்தது.

“கள்ளரிட்ட இருந்து பிடிச்சுக்கொண்டு வந்தனான் ஐயா!”

“பலே! எண்பது கட்டை காணோம்யா. கப்பலுக்குப் பதில் சொல்ல முடியல. இனிமே நீங்கதான் இதை விசாரிக்கணும்” என்று சுபேதார் மகிழ்ந்துபோய், அவர் கையில் ஒரு சிவப்புப் பட்டியும் கட்டிவிட்டார்.

வஸீரின் முகம் கறுத்தது. வஸீர் வீட்டுக் கோழிக்கூடு எதன்மேல் நிற்கிறது என்று பஸ்ரியனுக்குத் தெரியும். ஆனால் இப்போது வஸீரைப் பார்க்க நேரமில்லை. தான் எவ்வளவு நேர்மையானவன் என்று குடைக்காரனுக்குக் காட்டியாக வேண்டும்.

“எல்லாரும் கேளுங்கோ! ஒரு கட்டை எண்டாலும் விடமாட்டன். கோழிக்கூட்டுக்குக் கீழ கிடந்தாலும் சரி, கட்டிலுக்குக் கீழ கிடந்தாலும் சரி, எந்த ஊரெண்டாலும் தேடி வருவன்!”

குடை மெல்லத் திரும்பி பஸ் நிற்கும் பக்கம் நடந்தது. பாதி கேட்டதோடு போய் அறிக்கை எழுதிவிடுவானோ என்று பஸ்ரியன் பின்னாலேயே ஓடினார்.

“ஐயா, நீங்கள் எந்த ஊர்?”

“ஏன்?” குடைக்காரருக்கு வேர்த்துக்கொட்டியது.

“சும்மாதான். வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?”

“ஏன் கேக்கிறியள்?”

“நான் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு உங்களுக்கு இப்ப விளங்கியிருக்குமே!”

“விளங்குது, நல்லா விளங்குது” என்றவர், குடையைக்கூட விட்டுவிட்டு, நகரத் தொடங்கிய பஸ்ஸில் தொற்றி ஏறினார்.

பஸ்ரியன் குடையோடு வீட்டுக்கு வந்தார். “சி.ஐ.டி.யையே ஓட ஓடக் கலைச்சுப்போட்டன்” என்று சொல்லி, சாய்ந்து நின்ற அலுமாரியில் அதை வெற்றிக்கொடியாக மாட்டினார். மனம் நிறைந்திருந்தது. இனி அன்ரோனெற்றுக்கு ஒரு குறையும் வராது.

ஞாயிறு பூசை முடிந்ததும் தரகர் தோமஸ் வந்தார். முகம் நன்றாக இல்லை. அலுமாரியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இது மாப்பிள்ளைப் பெடியன்ர பெரியப்பான்ர குடையெல்லோ? விசாரிக்க எண்டு வந்த மனிசனுக்குப் பெட்டையைக் கண்ட உடனேயே பிடிச்சுப்போச்சாம்.”

பஸ்ரியன் கதிரையை இழுத்துப் போட்டார். “அப்ப... பிறகென்ன?”

தோமஸ் குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அவரும் காங்கேசன்துறையில கப்பல்ல ஜீப் இறக்கிறவர்தான். அவையின்ர வீட்டுக் கட்டில் நாலு காலும் பட்டாளத்துக் கட்டையில நிக்குதாம். சி.ஐ.டி. வீட்டில எப்பிடிச் சம்பந்தம் வைக்கிறது எண்டு கேக்கிறார்.”