மொட்டை மாடியில் போட்ட ‘ஆ’

கை நடுங்கினால் நாலு பேர் ஓடி வந்து பிடிப்பார்கள். குரல் போனால் போனவனுக்கே தெரியாது. முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டி, இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே தேறிய தொண்டை என்னுடையது. பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னபோது நான் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் அதற்கு முன்பே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் காது மந்தம் என்றே ரொம்ப நாள் நம்பினேன். (பெண்டாட்டி தேசம்மாவைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.)

அந்தச் சமயத்தில்தான் மகள் கஸ்தூரிக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா தனபால், பக்கத்துக் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருப்பவர். எங்கள் பக்கத்தில் நிச்சயத்தன்று பெண்ணைப் பெற்றவன் சபையில் எழுந்து நின்று, “பரிசம் எங்களுது, பொண்ணு உங்களுது” என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். மைக்கில் சொன்னால் செல்லாது என்பது பெரியவர்கள் பிடிவாதம். எனக்குப் பதிலாக என் தம்பி சொல்லட்டும் என்று வீட்டில் கிசுகிசுத்து, சம்பந்தி வீட்டுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் பொண்ணை என் வாயால் கொடுக்க முடியாதா?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு வழி சொன்னாள். “நீங்க கத்துறதா நினைக்கிறதுதான் சார் மத்தவங்களுக்குப் பேச்சு. அதனால கூச்சப்படாம கத்துங்க.” தினமும் பத்துத் தரம், மூச்சு இருக்கும் வரை ‘ஆ’ என்று நீளமாக இழுக்க வேண்டும். முதலில் குளியலறையில் இழுத்தேன். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். அதனால் ஜாகையை மொட்டை மாடிக்கு மாற்றினேன்.

மார்கழியில் ஒரு காலை. திருவொற்றியூரே பனியில் காணாமல் போயிருந்தது. கடல் இல்லை, எதிர் வீடு இல்லை, துறைமுகத்துக் கிரேன் ஒன்றுகூட இல்லை. கொடியில் காய்ந்த கஸ்தூரியின் தாவணி மட்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு கப்பல் சங்கு ஊதியது. மாடியே மெதுவாக நகர்வது போலிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை நடுங்குவதுகூட மறந்துபோனது. கண்ணை மூடி ‘ஆ’ என்றேன்.

நாலாவது ‘ஆ’வுக்குப் பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. ரொம்பத் தூரத்தில், ரொம்பச் சின்னதாக. எதிரொலி! தண்ணீர்த் தொட்டியைத் தாண்டாது என்று நினைத்த என் குரல் கடல் வரை போய்த் திரும்புகிறது. கண் கலங்கிவிட்டது. ஐந்தாவதுக்குப் பதில் கொஞ்சம் பெரிதாக வந்தது. ஏழாவதுக்கு இன்னும் கிட்டே. நல்ல முன்னேற்றம் என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். ஒன்பதாவது தரம் எதிரொலி, “நேரா வரலாமா?” என்று கேட்டது. எதிரொலி கேள்வி கேட்காது என்று எனக்கு உறைப்பதற்குள் பத்தாவது ‘ஆ’ வாயை விட்டுப் போயிருந்தது.

கல்லில் படகு உரசும் சத்தம் எனக்குப் புதிதல்ல.

விஷயம் இதுதான். பனி மூடினால், கரையில் கொட்டிய பாறைகளுக்கு நடுவே விட்டிருக்கும் வழியில் யாராவது நின்று நீளமாகக் குரல் கொடுப்பார்கள். படகு அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேரும். (கையில் ஜிபிஎஸ் இல்லையா என்று கேட்காதீர்கள். கரைக்குக் கிட்டே வந்தால் காதைத்தான் நம்புவோம்.) நானே எத்தனையோ தரம் அப்படி வந்தவன். அந்த வழி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு வடக்கே.

இறங்கி ஓடினேன். (ஓடினேன் என்பது என் கணக்கு. தேசம்மா கணக்கில் தவழ்ந்தேன்.) படகின் மூக்கு இரண்டு பாறைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்து நின்றது. வலை கிழிந்திருந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இடுப்பளவு தண்ணீரிலிருந்து ஏறி வந்தவர் வேறு யாருமில்லை, என் சம்பந்தி தனபால்.

“எவன்டா இங்கேர்ந்து கொரல் குடுத்தது?”

தேசம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். வாயைத் திறக்காதே, சம்பந்தம் போய்விடும் என்று அர்த்தம். திறக்காவிட்டால் தப்பித்திருப்பேன். குரலே இல்லாதவனை யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் மனசு கேட்கவில்லை. நான்தான் என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த என் தம்பியைப் பிடித்துத் தனபால் திட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் பெண் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்தேன்.

“நான்தான் சம்பந்தி!”

பாறையில் இருந்த காக்கைகள் எழும்பிப் போயின. தனபால் என்னையே பார்த்தார். கிழிந்த வலையைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார்.

“இவ்ளோ கொரல வெச்சிகினா தம்பிய சொல்லச் சொன்னே? நிச்சயத்தன்னிக்கி நீயே சொல்லு. ஆனா கடலுக்கு முதுகு காட்டிகினு சொல்லு.”

அப்படித்தான் சொன்னேன், மூன்று தரமும். கஸ்தூரி அழுதாள். கிழிந்த வலையை நானும் தம்பியும் உட்கார்ந்து பின்னிக் கொடுத்தோம். என் பங்கு முடிச்சுகளை அவன் திரும்பப் போட்டான்.

இப்போதும் பயிற்சி நடக்கிறது. மாடி நாற்காலியை மேற்கே பார்க்கத் திருப்பி, தண்ணீர்த் தொட்டியோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டாள் தேசம்மா. சாப்பிடும்போது நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், வீட்டில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்கள்: “மெதுவா பேசு நைனா, படகு வந்துடப் போவுது.”

என்னைப் போய் மெதுவாகப் பேசச் சொல்கிறார்கள். அதைக் கேட்பதற்காகவே இன்னும் கொஞ்சம் கத்துகிறேன்.