முக்கு வீட்டு வாசல்

தையற்காரர் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தார். யாரோ வீசிவிட்டுப் போன மீன் கழிவில் வழுக்கி, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த நாத்தம் போற வரைக்கும் நான் அக்கா வீட்லதான் இருப்பேன்," என்றாள் மனைவி. பெட்டியைக் கட்டியே வைத்திருந்தாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா, நீங்களும் குப்பையும் சந்தோஷமா குடும்பம் நடத்துங்க."

அவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் கத்தரிக்கோல் இருக்கும் இடம்கூட அவருக்குத் தெரியாது. அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

முக்கு வீடாக அமைந்ததுதான் வினை. குப்பையைக் கையில் எடுத்தால் தெருக்காரர்களின் கால் தானாக அங்கே வந்துவிடும். 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று பெரிய பலகை மாட்டினார். மறுநாள் குப்பை முழுவதும் ஒழுங்காகப் பலகைக்குக் கீழே கிடந்தது. அதுவரை சாக்கடையில் போட்டவர்களுக்கும் இடம் தெரிந்துவிட்டது.

இருட்டில்தானே போடுகிறார்கள் என்று விளக்குப் போட்டார். இருட்டுக்குப் பயந்து வராமலிருந்தவர்களும் இப்போது நிம்மதியாக வந்து போட்டார்கள்.

கடைசியில் நாற்காலியைப் போட்டுத் தானே காவலுக்கு உட்கார்ந்தார். எதிர்வீட்டு பேங்க்காரர் பையோடு வந்தார்.

"இங்க கீழ போடக் கூடாது சார்."

"அதுக்குத்தான் உங்க கையில குடுக்கறேன்," என்று கொடுத்துவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

பின்னால் வந்த டீச்சர், "ஆள் போட்டுட்டாங்களா? நல்லதாப் போச்சு. உடைஞ்ச கண்ணாடி இருக்குப்பா, கையைக் கிழிச்சுக்காதே," என்று இன்னொரு பையை மடியில் வைத்தார்.

வேறு வழியில்லாமல் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். ஞாயிறு காலை, நம்பவே முடியவில்லை, தெருவே துடைப்பமும் கையுமாகத் திரண்டு வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மதியத்துக்குள் தெரு பளிச்சென்று ஆயிற்று. மகிழ்ச்சியோடு தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தெருவில் பெருக்கியது அத்தனையும் அவர் வாசலில், ஜன்னல் உயரத்துக்கு நின்றது.

"என்ன சார் இது, இப்படிப் பண்ணிட்டீங்க?"

"குப்பை லாரி வந்து திரும்ப இங்கதானே இடம் இருக்கு," என்றார் பேங்க்காரர். "கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன். லைட்டு இருக்கு, பாத்துக்க ஆள் இருக்குன்னு தெளிவாச் சொல்லியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள லாரி வந்துரும்."

மாலையில் தெருக்கோடியில் மனைவி பெட்டியோடு வருவது தெரிந்தது. நல்லவேளை, லாரிச் சத்தமும் கேட்டது. அவள் வாசலை நெருங்குவதற்குள் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது.

லாரியின் பின்கதவு திறந்தது. உள்ளே இருந்த குப்பை மொத்தமும் சரசரவென்று சரிந்து, வாசல் குவியலின் மேல் விழுந்தது.

மனைவியின் கையிலிருந்த பெட்டி நழுவிக் கீழே விழுந்தது. டிரைவர் இறங்கி வந்து அதை மரியாதையாக எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, தையற்காரரிடம் கேட்டார்:

"ஏழு தெருக் குப்பைக்கும் இனிமே இதுதான் இடம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க அண்ணே, ராத்திரி டியூட்டிக்கு வந்திருக்கறது இந்த அக்காவா?"