மடைக்குள் போன அமெரிக்க ஓட்டு

ஒரு காட்டில், குளத்தோரக் கோரைப்புல்லுக்குள் வடிவு என்று ஒரு நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவை, குடியிருந்தது. ஐந்து குஞ்சுகளுக்குத் தாய். சரியான கூச்சக்காரி. நாலு பேர் நிற்கிற இடத்தில் வாயைத் திறக்கச் சொன்னால் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொள்ளும்.

தலையை விடுவதற்கும் இப்போது தண்ணீர் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. யானை முதுகு சொறிந்துகொண்டதில் குளத்து மடைப்பலகை பிளந்துவிட்டது. நாளுக்கு ஒரு சாண் வடிந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் பறக்க வராது. கூட்டைச் சுற்றித் தண்ணீர் இருக்கிற வரைக்கும்தான் கீரி எட்ட நின்று பார்க்கும். இன்னும் ஒரு நாள் போனால் நடந்தே வந்துவிடும்.

மடை அலுவலகத்தில் ஆமைதான் குமாஸ்தா. வடிவு மூன்று தடவை தொண்டையைச் செருமிய பிறகு தலையை வெளியே நீட்டியது.

"பலகை மாத்தணுமா? இந்தப் படிவத்துல பத்துக் கால்ரேகை வாங்கிட்டு வாம்மா. பத்தும் பத்துப் பேரோடதா இருக்கணும். போன மாசம் ஒரு பூரான் தனியாளா வந்து முப்பது ரேகை வச்சிட்டுப் போயிருச்சு. அதுல இருந்து மேலிடத்துல கெடுபிடி."

படிவத்தை அலகில் கவ்விக்கொண்டு வடிவு ஆலமரத்தடிக்கு ஓடியது. காடே அங்கேதான் இருந்தது. அன்றைக்கு அமெரிக்கக் காட்டின் தேர்தல் எண்ணிக்கை. யானைக் கட்சிக்கும் கழுதைக் கட்சிக்கும் போட்டி. அங்கே ராத்திரி என்றால் இங்கே காலை. ஆகவே விடிந்ததிலிருந்து ஒருவரும் மேயப் போகவில்லை. சுற்றுலா வந்தவர்களிடம் பிடுங்கிய செல்போனைக் குரங்கு கிளையில் சாய்த்து வைத்திருந்தது. மரத்துக்கு இரண்டு பக்கமும் ஃபிளெக்ஸ். அதில் அமெரிக்க வேட்பாளர் சுண்டைக்காய் அளவில் ஒரு மூலையில் இருந்தார். மீதி இடமெல்லாம் வாழ்த்துகிற உள்ளூர்ப் பன்றிகள், கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு.

"அண்ணே..." என்றது வடிவு, குரங்கிடம்.

"நகரும்மா, மறைக்குது. பென்சில்வேனியா கையை விட்டுப் போயிட்டிருக்கு."

"குளமும் போயிட்டிருக்குண்ணே. ஒரு ரேகை வச்சீங்கன்னா..."

"எது பெரிசுன்னு ஒரு இது வேணாமா உனக்கு?"

கழுதை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அங்க நிக்கிறது எங்க சித்தப்பா வழி. மூக்கைப் பாரு, அப்படியே எங்கப்பா!"

"உங்களுதெல்லாம் ஒரு மூக்காடா?" என்றது யானை, தன்னுடையதைத் தூக்கிக் காட்டி.

முயல் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டது. "என் மகன் அங்க புல்லுக் கம்பெனியில இருக்கான். விசா என்னாகுமோன்னு நான் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருக்கேன். நீ குளத்தைத் தூக்கிட்டு வர்றே."

"மகன் என்ன சொல்றாரு அத்தை?"

"அவன் எங்க பேசுறான். எல்லாம் செய்தியில பார்த்துத் தெரிஞ்சிக்கிறதுதான்."

வடிவு குளத்தைத் திரும்பிப் பார்த்தது. கீரி கரையில் இறங்கி, ஒரு காலை நனைத்து ஆழம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. வடிவு ஆலம்வேரில் ஏறி நின்று கத்தியது. "அமெரிக்கத் தேர்தலுக்கு வெளிக்காட்டு மிருகங்களும் ஓட்டுப் போடலாமாம்! இதோ சீட்டு! ஆளுக்கு ஒரு கால்!"

அமெரிக்க ஓட்டுச் சீட்டு ஒரு நாமக்கோழி வாயில் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசையில் நின்றார்கள், வரிசையை உடைத்தார்கள், மறுபடி நின்றார்கள். நரி மட்டும், "ஓட்டுக்குக் குடம் உண்டா?" என்று கேட்டது. கழுதை நாலு காலையும் வைத்தது. படிவம் இடமில்லாமல் கறுத்துப்போனது.

ஆமை எண்ணிப் பார்த்தது. "பத்து கேட்டேன். இருநூறு இருக்கு. அதிகமா இருந்தா கள்ள ரேகைன்னு அர்த்தம்மா. விசாரணை வைக்கணும். அடுத்த மாசம் வா." தலை உள்ளே போய்விட்டது.

வடிவு மடைக்கு வந்து, வேறு வழி தெரியாமல் அந்தப் படிவத்தையே பிளவுக்குள் திணித்தது. அதற்குள் காடே ஓடி வந்தது.

"சீட்டு எங்கம்மா? எண்ணணும்!"

"இவன் நாலு கால் வச்சான், மூணைக் கழிக்கணும்!" என்றது யானை.

வடிவு அலகால் மடையைக் காட்டியது. "உள்ள இருக்கு மாமா. தண்ணி இழுத்துட்டுப் போகுது."



"ஐயோ, அமெரிக்காவே போச்சே!" என்று முயல் அத்தை மார்பில் அடித்துக்கொண்டது. யானை பாறையை உருட்டியது. கழுதை களிமண் சுமந்தது. பன்றிகள் தங்கள் முகம் போட்ட ஃபிளெக்ஸைக் கிழித்துப் பிளவில் திணித்தன. அரை மணியில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஆமைகூட, தான் இன்னும் கால் வைக்கவில்லையே என்று பதறி வந்து சேர்ந்தது.

"இப்ப வெளிய எடுத்து எண்ணிரலாமா?" என்றது குரங்கு.

"தொடாதே! எடுக்கிற சாக்குல மாத்திருவீங்க!" என்றன இரண்டு கட்சியும் ஒரே குரலில்.

அன்றிலிருந்து மடைக்கு இந்தப் பக்கம் யானை ஆட்கள் காவல், அந்தப் பக்கம் கழுதை ஆட்கள் காவல். ஒருவரை ஒருவர் நம்பாததால் ஒருவரும் நகருவதில்லை. செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அமெரிக்காவில் ஜெயித்தது யார் என்று அந்தக் காட்டுக்கு இன்றுவரை தெரியாது. கீரி ஒருநாள் பதுங்கி வந்தது. "எந்தக் கட்சிடா நீ?" என்று கழுதை விட்ட உதையில் அடுத்த காட்டுக்குப் போய் விழுந்தது.

மழை பெய்து குளம் நிறைந்தது. வடிவைப் பார்த்து யானை, "என்னம்மா, சௌக்கியமா?" என்று கேட்டது. வடிவு பதில் சொல்லக் கூச்சப்பட்டு, கழுத்து வரைக்கும் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டது. ஐந்து குஞ்சுகளும் அப்படியே செய்தன.

நீதி: உங்கள் ஊர் மடை உடைந்தால் உங்கள் ஊரில் உடைந்ததாகச் சொல்லித் தொலைக்காதீர்கள். அமெரிக்காவில் உடைந்ததாகச் சொல்லுங்கள். அரை மணியில் அடைத்து, காவலும் இருப்பார்கள்.