பகலில் எரிந்த தெருவிளக்கு

பழனி மலைத்தொடரில் தீர்மானம் போடாமல் தும்மக்கூட மாட்டாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் மூன்றாவது வார்டு உறுப்பினர்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலைத் தாண்டி அது எங்கும் புழங்கியதில்லை. பெருமாள்மலைக்கு மேலே எங்கள் ஊராட்சி முழுக்க அவர் ‘தீர்மானம்’தான். பூண்டு விவசாயி. எந்தக் காலமானாலும் தலையில் குல்லா, கக்கத்தில் குடை. ஊராட்சிச் செயலராக நான் அங்கே இருந்தவரை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் கையெழுத்து கெட்டது அப்படித்தான். காட்டுமாடு பூண்டை மேய்ந்தால் காட்டுமாட்டைக் கண்டித்துத் தீர்மானம். பஸ் தாமதமாக வந்தால் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம். வேலித் தகராறில் பக்கத்து வீட்டாரோடு பேச்சுவார்த்தை நின்றபோது அதையும் கூட்டத்தில் வைக்கப் பார்த்தார். தலைவரம்மா முறைத்ததால் விட்டுவிட்டார்.

எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் துணை சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். பெயிண்ட் அடித்து, ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். கரண்ட் மட்டும் இல்லை. கட்டடம் கட்ட வந்த நிதியில் மின் இணைப்புக்கு இடமில்லையாம். சுகாதாரத் துறையைக் கேட்டால், கட்டடத்தையே எங்களிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை என்றார்கள். இணைப்புக்கு ஊராட்சியே பணம் கட்டலாமே என்றால், துறைக் கட்டடத்தில் ஊராட்சிப் பணத்தைப் போட்டதற்குத் தணிக்கையில் என் சம்பளத்தைப் பிடிப்பார்கள். குடிநீருக்கு வந்த பணம் குடிநீருக்கு, சாக்கடைக்கு வந்தது சாக்கடைக்கு, தெருவிளக்குக்கு வந்தது தெருவிளக்குக்கு. பிரசவத்துக்கு என்று ஊராட்சிக்கு யாரும் பைசா அனுப்புவதில்லை.

பாதை நன்றாக இருந்தால் 108 வந்து கர்ப்பிணிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடும். மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ நர்சம்மாதான் கதி. அப்படி ஒரு நாள் பனி மூடிய மத்தியானத்தில் செல்போன் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்துவிட்டு, அவர் நேரே அலுவலகத்துக்கு வந்தார்.

“ஒரு கையில போனு, ஒரு கையில புள்ள. சார்ஜ் தீந்திருந்தா என்ன சார் பண்ணிருப்பேன்?”

“துறையில கேளுங்கம்மா” என்றேன்.

தீர்மானம் கக்கத்துக் குடையைக் கையில் எடுத்தார். யோசிக்கிறார் என்று அர்த்தம்.

“செயலரே, தெருவிளக்க எங்க போடணும்?”

“தெருவுலதான்.”

“தெரு எதுவரைக்கும்?”

நான் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தேன். அடுத்து எழுதச் சொல்வார் என்று தெரியும்.

சீக்கிரமே சுகாதார நிலையத்துச் சுவரை ஒட்டி ஒரு கம்பம் வந்தது. விளக்கு மாட்டும் குழாய் தெருப் பக்கம் நீளவில்லை. பிரசவ அறை சன்னலுக்குள் புகுந்து, கட்டிலுக்கு நேர் மேலே போய் நின்றது.

“ஏங்க, இது பிரசவ ரூமா, தெருவா?” என்றார் நர்சம்மா.

“சன்னலத் தொறந்து வச்சா தெருதானம்மா.”

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஊரின் தெருவிளக்கு அத்தனைக்கும் ஒரே சுவிட்சுப் பெட்டி. பிரசவ அறையில் விளக்கு எரிந்தால் கோயில் வாசல், சர்ச் வாசல், சுடுகாட்டுப் பாதை எல்லாம் சேர்ந்தே எரியும். பகலில் வலி கண்டால் பகலிலேயே எரியும். போகப் போக ஊருக்கு அது பழகிவிட்டது. பகலில் விளக்கைப் பார்த்தால் பூண்டுக் காட்டில் நிற்பவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “யாருக்குப் புள்ள?” என்பார்கள். பெட்டிச் சாவி வைத்திருந்த எனக்குத்தான் வயிறு எரியும்.

“வீண் செலவுங்க. ஒரு பல்புக்காக ஊரே எரியுது.”

“எழுதி வைங்க, அடுத்த கூட்டத்துல பேசுவம்” என்பார் தீர்மானம்.

தணிக்கை அதிகாரி ஒரு நாள் வெள்ளனே வந்து இறங்கினார். அவர் மலையேறிய பிறகு பாதையில் மரம் விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது. தீர்மானத்தோடு வேலித் தகராறில் இருந்த அதே வீட்டுப் பெண். 108 மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. பனி மூடிக்கொண்டது. நான் நைசாகப் போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அதிகாரி சன்னல் வழியாகப் பார்த்தார். “என்னய்யா இது, மத்தியானத்துல தெருவிளக்கு எரியுது?”

“பனி சார்.”

“பனியாவது மண்ணாவது. போய் அணைங்க.”

உண்மையைச் சொன்னால் கம்பத்தையே பிடுங்கச் சொல்வார். சொல்லாவிட்டால் அந்தப் பெண் இருட்டில் கிடப்பாள். சாவியோடு எழுந்தேன். வாசலில் தீர்மானம் நின்றிருந்தார்.

“அணைக்கலாம் சார். ஆனா போடுறதும் அணைக்கிறதும் மன்றத்தோட அதிகாரம். கூட்டம் போட்டுத் தீர்மானம் ஆகணும்.”

“ஒரு சுவிட்சுக்கா?”

“தீர்மானம் இல்லாம ஏன் அணைச்சேன்னு நாளைக்கு நீங்கதான கேப்பீக?”

“சரி, கூட்டத்தப் போடுங்க” என்றார் அதிகாரி. தணிக்கையை வைத்தே தணிக்கைக்காரரை மடக்கிய ஆளை அன்றுதான் பார்த்தேன்.

உறுப்பினர்கள் சேற்றுக் காலோடு வந்து சேர்ந்தார்கள். தலைவரம்மா ஒன்றும் தெரியாதவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். போன கூட்டத்து நடவடிக்கையை வாசிக்கச் சொன்னார் தீர்மானம். வாசித்தேன். காது கேக்கல, திரும்ப வாசிங்க என்றார். பிறகு காட்டுமாடு. பிறகு பஸ். கடைசியில் விளக்குக்கு வந்து, முதலில் கோயில் வாசலை அணைப்பதா சர்ச் வாசலை அணைப்பதா என்று கிளப்பிவிட்டார். எல்லாம் ஒரே சுவிட்சு என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் மும்முரமாகப் பேசினார்கள். தீர்மானத்தின் பேச்சு தடுமாறவில்லை. காது மட்டும் பின்பக்கத்துப் பிரசவ அறையில் இருந்தது.

பின்பக்கம் குழந்தை வீறிட்டது. அப்போதும் அவர் விடவில்லை. நர்சம்மா வாசலுக்கு வந்து தலையசைக்கும்வரை திருத்தத்துக்கு மேல் திருத்தமாகக் கொண்டுவந்தார்.

“சரி, ஏகமனதா நிறைவேறிருச்சு. செயலரே, வெரசாப் போய் அணைங்க. ஊர்ப் பணம் வீணாகுதுல்ல?”

அதிகாரி எழுந்து பின்பக்கம் போனார். சன்னலுக்குள் நீண்டிருந்த குழாயைப் பார்த்தார். திரும்பி வந்து, “அந்தக் குழா காத்துல வளைஞ்சிருக்கும்போல” என்று மட்டும் சொல்லிவிட்டு, டீ கேட்டார்.

போன வருஷம் எனக்கு ஆடலூர்ப் பக்கம் மாறுதல் வந்தது. பெட்டிச் சாவியைத் தலைவரம்மாவிடம் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் ஏறினேன். வழியனுப்பத் தீர்மானம் வரவில்லை. எத்தனை தீர்மானம் எழுதியிருப்பேன், ஒரு எட்டு வந்தால் என்ன என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

முதல் வளைவில் கண்டக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். “ஊர்ல லைட்டெல்லாம் எரியுதே. யாருக்குப் புள்ள?”

திரும்பிப் பார்த்தேன். பனி இல்லை, சுள்ளென்று வெயில். கோயில் வாசலிலிருந்து சுடுகாட்டுப் பாதைவரை எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குடை தெரிந்தது.

“யாருக்கும் இல்ல” என்றார், மீட்டிங்குக்குப் போக எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த நர்சம்மா.

பட்டப்பகலில் அத்தனை விளக்கு, ஒரே ஒரு ஆளுக்காக. முதல் தடவையாக எனக்கு அது வீண் செலவாகப் படவில்லை.